நாலு மில்லி

"கையை சும்மா வெச்சுக்கோங்க துளசிமணியக்கா"
என்கிறாள் ரெஜினா.
தலையணை மேல் கிடக்கிறது என் வலக்கை.
கட்டைவிரல் அடியில் ஒட்டிய வில்லையிலிருந்து
ஒயர் போகிறது பெட்டிக்கு.
திரையில் பச்சைக்கோடு படுக்காமல் நெளிகிறது.
"இன்னும் இறுக்கமா இருக்குது. விட்டுருங்க."

இருபத்திரண்டு வருசத்தில்
எந்த சூப்பர்வைசரும் சொன்னதில்லை இதை.
டஜன் கணக்கில் பழகின கை.
தூக்கத்திலும் போர்வையைத் தள்ளித் தள்ளித் தைக்கிறாய்
என்பார் வீட்டுக்காரர்.
சும்மா இருப்பது எப்படி என்று
அதுக்கு யாரும் காட்டித் தரலீங்க.

கண்ணை மூடி
அவிநாசி ரோட்டு லாரிகளை எண்ணினேன்.
பதினாலோ பதினஞ்சோ.
கோடு படுத்தது.

எட்டு போல வளைந்த கருவியை
இடப்பக்கத் தலையில் வைத்தாள்.
டக்.
வெயிலில் கொட்டமுத்து வெடிக்கிற சத்தம்.
துள்ளியது கட்டைவிரல்.

நான் சொல்லலை.
அவிநாசியப்பன் சத்தியமா நான் சொல்லலை.
என் விரல்
எனக்குத் தெரியாத யாருக்கோ
ஆமாம் போட்டது.

டக். ஆள்காட்டி.
டக். மணிக்கட்டு.
டக். ஒன்றுமில்லை; அதுக்கும் ஒரு சாம்பல் புள்ளி.
செயின் பிடிக்க வரும் சர்வேயர்கூட
நடுவில் டீ கேட்பார்.
இந்தப் பெண் தண்ணிகூடக் குடிக்காமல்
என் மண்டையை அளக்கிறாள்.

ஒரு மணி நேரம் ஆச்சு, உச்சிக்கு வர.
"கால் பள்ளத்துக்குள்ள இருக்கும், கொஞ்சம் பலமா அடிக்கணுங்க."
டக். இல்லை.
டக். இல்லை.
டக்.
வலது பாதம் மிதித்தது.

தெரியும் எனக்கு இந்த மிதி.
வைகாசியில் ஒருநாள், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்,
ஓவர்லாக்கில் தோள் மூட்டிக்கொண்டிருந்தேன்.
பெடல் அதுவாகப் போனது.
துணி ஓடியது, கத்தி விடவில்லை,
கழுத்து வரைக்கும் பிளந்தது பனியன்.
டேமேஜ் எழுதினான் தினகரன்.
நான் மிதிக்கலை என்றேன்.
"பின்ன மிசினா மிதிச்சுது?"
லைனே சிரித்தது.
பக்கத்து மிசின் ஒடிசாப் பிள்ளை சுமித்ரா மட்டும்
என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்தம் நூற்றி நாற்பது ரூபாய்.
இன்றைக்கு அதே மிதிக்கு
"சூப்பருங்க அக்கா" என்று
மஞ்சள் புள்ளி வைக்கிறாள் ரெஜினா.

சாயங்காலம் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
சிவப்பெல்லாம் கை. மஞ்சள் கால்.
நடுவே கொட்டைப்பாக்கு அளவில்
வாடகை பேசாமல் குடிவந்தது.
அதுக்கும் கைக்கும் இடையில்
இட்டேரி மாதிரி ஒரு சந்து, வண்டி போகாது.
"நாலு மில்லி இருக்கும்" என்றார்,
நான் பயந்துவிடுவேன் என்று
மெதுவாக.

நாலு மில்லி எனக்குத் தெரியுங்க டாக்டர்.
கத்திக்கும் ஊசிக்கும் நடுவே
ஓவர்லாக்கில் அவ்வளவுதான்.
அந்தப்பக்கம் விழுவது வேஸ்ட், சாக்குக்குப் போகும்.
இந்தப்பக்கம் பனியன்.
நாளைக்கு எண்ணூறு பீஸ்,
ஒருநாளும் மாறி வெட்டினதில்லை.
அந்த ஒருநாள் தவிர.

"கை ஓரமா கொஞ்சம் விட்டுத்தான் எடுக்க முடியும்."
வேஸ்ட்டை விட்டு வைப்பீங்களா, என்றேன்.
கையை விட்டு வைப்போம், என்றார்.

முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது.
அவர் விரல்களைப் பார்த்தேன்.
மேசைமேல் சும்மா கிடந்தன,
எவ்வளவு அழகாக.

திருப்பூர் பஸ் கருமத்தம்பட்டி தாண்டும்போது
கண்டக்டர் சில்லறை நீட்டினார்.
கட்டைவிரல் போய் வாங்கிக்கொண்டது.
யார் சொல்லி, என்று
கேட்கலை.
வியாழக்கிழமை ஆபரேஷன்.
அதுவரைக்கும் கேட்க மாட்டேன்.